ஆணி பாட வேண்டாம்

ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாததுபோல் அவரைப் பற்றிப் பேசுவார்கள் சிலர். மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு அதுதான் நடந்தது.

"அம்மாவுக்கு இடது காது சுத்தமா போயிடுச்சு. வலதுல பாதிதான் மிச்சம்," என்றான் மகன், தங்கையிடம். "டாக்டர் சொன்னதைத்தான் சொல்றேன். இனிமே கயிறு, பாறை, மலை எதுவும் கிடையாது. முடிஞ்சுது."

அவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எங்காவது விபத்து என்றால் போய்ப் பார்த்து, அது எப்படி நடந்தது, யார் மேல் தப்பு என்று விசாரிப்பான். நாள் முழுக்க நசுங்கிய கார்களையும் முறிந்த எலும்புகளையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு, மாடிப்படி ஏறுகிறவர்கள்கூட விழப்போகிறவர்களாகவே தெரிந்தார்கள்.

அம்மா மேசையின் அந்தக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது. குளிர்பானம் அடைக்கும் ஆலையில் சூப்பர்வைசர். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் அந்தக் கூடத்தில், இளவயதிலிருந்து நின்றே வாழ்நாளைக் கழித்தவள். காதுக்கு அடைப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தபோது, போக வேண்டிய காது பாதி போயிருந்தது.

"எனக்கும் சேர்த்துச் சொல்லுடா. என்னைப் பத்தித்தானே பேச்சு?" என்றாள்.

மகன் அவள் பக்கம் திரும்பினான். குழந்தைக்குச் சோறூட்டுகிற முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கத்தினான். "அம்மா. மலை. வேண்டாம்."

"நான் செவிடுடா. மக்கு இல்ல. வேகமாவே பேசு."

"சரி, வேகமாவே பேசறேன். மேலே இருந்து ஒருத்தர் 'கல்லு விழுது'ன்னு கத்தினா உனக்குக் கேக்குமா? 'கயித்தை விடு'ன்னா கேக்குமா? கேக்காது. இந்த வயசுல மத்தவங்கள்லாம் வீட்டோட இருக்காங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"முளைக்கல. அதான் சனிக்கிழமை கொம்புக்குப் போறேன்."

எதிரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மகள் அவர் தலையில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

கொம்பு என்பது ஒரு பாறை. காட்டுக்கு நடுவே, சுற்றியிருந்த மண்ணையெல்லாம் மழை கரைத்துக்கொண்டு போனபின் மிச்சம் நின்ற ஒற்றைக்கல் தூண். நாலு பக்கமும் செங்குத்து. மேல்பாதி முன்னால் சாய்ந்து தொப்பை தள்ளியிருக்கும். பாறையேறுகிறவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர்தான் கொம்பு. கையால் பிடித்துக் காலால் உந்தி ஏறுகிற பாறை இல்லை அது. பிடிக்க ஒன்றும் கிடையாது. வெடிப்பில் இரும்பு ஆணி அடிக்க வேண்டும். அதில் நாடாவால் தைத்த ஏணியை மாட்டி, அதன் படியில் ஏறி நின்று, கைக்கு எட்டுகிற உயரத்தில் அடுத்த ஆணி. அப்புறம் அதற்கடுத்த ஆணி. நத்தைகூடக் கேலி செய்கிற வேகம்.

மாப்பிள்ளை செயற்கைப் பல் செய்கிறவர். சின்னப் பட்டறை, மெழுகு, அரம், பூதக்கண்ணாடி. ஊரார் வாயைப் பற்றியே யோசித்து யோசித்து அவர் வாய்க்கும் ஓய்வில்லாமல் போய்விட்டது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பாறைக்குக் கூட்டிப்போனார். பாதி உயரத்தில் தலைசுற்றி இறங்கியவள், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கீழே கயிறு பிடிக்க ஆளில்லாமல் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெருமூச்சைச் சகிக்காமல் மாமியார்தான் சொன்னாள்: "ஒரு கயித்தைப் பிடிக்கணும், அவ்வளவுதானே? நான் பிடிக்கிறேன்."

முதல் வாரம் குடையோடு வந்து கயிறு பிடித்தாள். அடுத்த வாரம் குடையை மடக்கி வைத்துவிட்டு, "அந்த ஷூவைக் கொடுங்க, நானும் ஏறிப் பார்க்கிறேன்," என்றாள். ஏழு வருடம் ஆகிறது. மாமியாரும் மருமகனும் ஒரே கயிற்றில் தொங்குவதைப் பார்த்து மலையேற்றச் சங்கத்தில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். சொந்தப் பெயர் சந்தா ரசீதோடு நின்றுவிட்டது.

கொம்பு அவர்கள் இரண்டு வருடமாகப் பார்த்து வைத்திருந்த பாறை.

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க," என்றான் மகன்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "பார்க்கலாம்," என்றார். அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றே பிறந்த மனிதர்.

மறுநாள் மாலை அவர் மாமியாரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தார். காது கேட்காவிட்டால் என்ன, கயிறு பேசட்டும் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். ஒருமுறை இழுத்தால் நில். இரண்டு முறை இழுத்தால் இன்னும் கொஞ்சம் கயிறு விடு. மூன்று முறை இழுத்தால் நான் மேலே சேர்ந்துவிட்டேன், கிளம்பி வா. மாமியார் மூன்றாம் மாடியிலும் மாப்பிள்ளை கீழேயுமாக நின்று மாடிப்படியின் நடுச்சந்தில் கயிற்றை விட்டு ஒத்திகை பார்த்தார்கள். முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து, "மோட்டார் ரிப்பேருங்களா? தண்ணி இறைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, தன் வாளியையும் கொண்டுவந்து வைத்தார்.

அப்புறம் ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரிக்குப் போனார்கள்.

"இது ஒண்ணுதான் அத்தை எனக்கு யோசனையா இருக்கு," என்றார் மாப்பிள்ளை, அவள் முகத்துக்கு நேரே நின்று. "நல்ல ஆணி உள்ளே போகப் போக அதோட சத்தம் ஏறும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுருதி மேலே. பாடிக்கிட்டே போனா நம்பலாம். டொக்குன்னா நம்பக்கூடாது. அந்தக் கீச்சுச் சத்தம்தானே உங்களுக்கு முதல்ல போச்சு?"

"ஆணி பாட வேணாம் மாப்பிள்ளை. நின்னா போதும்."

சுத்தியலை வாங்கிக்கொண்டாள். காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிப் பையில் போட்டாள். சுத்தியல் சத்தத்தில் அது காதுக்குள் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருந்தது. இருட்டுகிறவரை அடித்தாள். நல்லது, கெட்டது, பாதி உள்ளே போய் வளைந்தது என்று வெடிப்புக்கு வெடிப்பு அடித்து, ஒவ்வொன்றிலும் ஏணியை மாட்டிக் குதித்துப் பார்த்தாள். சில பிடுங்கிக்கொண்டு வந்தன. விழுந்தது முழங்கால் உயரம்தான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: "தெரிஞ்சு போச்சு. நல்ல ஆணி சுத்தியலைத் திருப்பி அனுப்புது. மணிக்கட்டுல வந்து அடிக்குது. கெட்டது முழுங்கிடுது."

மாப்பிள்ளை தானும் அடித்துப் பார்த்தார். இத்தனை வருடம் காதை வைத்தே கேட்டுக்கொண்டிருந்ததில் கையைக் கவனிக்கவே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். மாமியாரின் பழைய கார். கரடுமுரடான காட்டுப்பாதையில் முன்பாதி காரிலும் பின்பாதி நடந்தும் போனார்கள். இரும்பு முழுக்க முதுகில். வழக்கமாக மாப்பிள்ளை நடக்கும்போதும் பேசுவார். அவர் பேசுவது முக்கால்வாசி அவளுக்குக் கேட்காது, கேட்டதுபோல் அவள் தலையாட்டுவாள், அவரும் திருப்தியாகத் தொடர்வார். அன்றைக்கு அவர் பேசவில்லை. சுமை அதிகம், அதுதான் போலும் என்று அவள் விட்டுவிட்டாள்.

மரங்கள் விலகியதும் கொம்பு தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலித்தது. உச்சிக்கு மேலே மேகம் நகர்ந்ததில், தூண் தங்கள் மேல் சாய்ந்து வருவதுபோல் இருந்தது.

"படத்துல பார்த்ததைவிட மோசமா இருக்கே," என்றாள் மாமியார். குரலில் சந்தோஷம்.

அன்று மாலைக்குள் முதல் பாதியை முடித்தார்கள். மாப்பிள்ளை முன்னால் ஏறினார், மாமியார் பின்னால் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தாள். நடுவில் இரண்டு பேர் நெருக்கி உட்காரும் அளவுக்கு ஒரு திட்டு. அங்கே கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் வழியே கீழே இறங்கிக் கூடாரத்தில் படுத்தார்கள். மறுநாள் அதே கயிற்றில் திட்டுக்கு ஏறி, தொப்பையைத் தாண்டி உச்சிக்குப் போவதாகத் திட்டம். படுக்கும் முன் அவள் கேட்டாள்: "நாளைக்கு நான் முன்னால போகவா மாப்பிள்ளை?"

"பார்க்கலாம் அத்தை," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை முதலில் ஏறிப்போனார். பின்னால் அவள். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள். ஒன்றை நகர்த்தி, காலை உந்தி, மற்றதை நகர்த்தி, புழுப்போல ஊர்ந்து போக வேண்டும். திட்டுக்கு இன்னும் ஒரு மாடி உயரம் இருக்கும்போது மூச்சு வாங்க நின்று நிமிர்ந்தாள்.

மாப்பிள்ளை திட்டின் ஓரத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முகம் அவள் பக்கம். காது கேட்காத மாமியார்தானே என்று மறைக்கவில்லை.

அவருக்கு ஒன்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், ஆனால் யோசித்ததில்லை. அந்தப் பாட்டில் கூடத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்த சில மாதத்திலேயே உதட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளின் மாமியார் சண்டையை இந்தப் பக்கம் நின்று முழுக்கக் கேட்டுவிடலாம், ஒரு சத்தமும் இல்லாமல்.

மாப்பிள்ளையின் உதடுகள் சொல்லின: "ஆமா மச்சான். தோள்பட்டை பிடிச்சிக்கிச்சுன்னு சொல்லிடறேன். சந்தேகமே வராது. மத்தியானத்துக்குள்ள இறக்கிடுவேன். அவகிட்டயும் அழ வேணாம்னு சொல்லுங்க."

அவள் நாடா ஏணியில் நின்றபடியே பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஏழு வருடம் ஒரே கயிறு. விழுந்தால் இவர் பிடிப்பார் என்று யோசிக்காமலே நம்பிய ஏழு வருடம். மகன் முகத்துக்கு நேரே எதிர்த்தான்; அது பரவாயில்லை, எதிரி என்று தெரியும். இது கூட வந்தே குழி பறிப்பது. அந்தக் கோபத்திலேயே மிச்ச உயரத்தை ஏறினாள். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

திட்டில் ஏறி, தன்னை ஆணியோடு கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளை வலது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். பல் வலிக்காரர்களைப் பார்த்துப் பார்த்து நன்றாகவே பழகிய சுளிப்பு.

"அத்தை, ஏறும்போது தோள்பட்டை பிடிச்சிக்கிச்சு. கையைத் தூக்க முடியல. இன்னிக்கு நமக்கு ஆகாது. இறங்கிடலாம்."

"அடடா. ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது அத்தை."

"ஏறத்தான் தோள் வேணும். உக்காந்து கயிறு பிடிக்கத் தோள் வேணாம். நான் போறேன், நீங்க பிடிங்க."

"இல்ல, அது வந்து…"

"இது மச்சான் சொல்லிக் கொடுத்த தோள்பட்டையா, நீங்களே யோசிச்சதா?"

மாப்பிள்ளையின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது.

"கேட்டுச்சா?" என்றார் கடைசியில்.

"காதால கேட்டாத்தானா? உங்க வாய் பெரிய வாய் மாப்பிள்ளை. அடிவாரத்துல நின்னாலும் படிச்சிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் முகவாயில் விரல் வைத்து நிமிர்த்தினாள். பாசத்தில் இல்லை, உதடு தெரிய வேண்டும் என்று.

"பேசுங்க."

"வெள்ளிக்கிழமை அவ ரொம்ப அழுதா அத்தை. 'எங்கம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க முகத்துல முழிக்க மாட்டேன்'னா. மச்சானும் வந்துட்டார். திட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயி சாக்கு சொல்லி இறக்கிடுங்க, அம்மாவுக்கும் போன திருப்தி இருக்கும்னாங்க. நான் சரின்னுட்டேன்."

"எனக்கும் சரின்னீங்க. அவங்களுக்கும் சரின்னீங்க."

"ஆமா."

"உங்களுக்கு என்ன தோணுது? அவளுக்கு வேணாம், அவனுக்கு வேணாம், அது கிடக்கட்டும். நான் இதை ஏற முடியுமா, முடியாதா?"

மாப்பிள்ளை தொப்பையை அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "முடியும். ஆனா பயமா இருக்கு."

"பயம் எனக்கும்தான் இருக்கு. அதுக்காகப் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக நான் என்ன ஊசிக்குப் பயந்த குழந்தையா? வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம். வேற ஆளைத் தேடியிருப்பேன். இப்போ ஒண்ணு சொல்லுங்க. நான் ஏறினா கயித்தை ஒழுங்கா பிடிப்பீங்களா?"

"அது என்ன கேள்வி அத்தை? உயிரைக் கொடுத்துப் பிடிப்பேன்."

"உயிரெல்லாம் வேணாம். தூங்காம இருந்தா போதும்."

ஆணிகளைத் தோள்பட்டியில் வரிசையாக மாட்டிக்கொண்டாள். இரண்டு நாடா ஏணிகள், சுத்தியல், கொஞ்சம் கொக்கிகள். காதுக் கருவியைக் கழற்றி மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போட்டுப் பித்தானையும் மாட்டினாள். பின்னால் ஒரு மெல்லிய கயிறும் இடுப்பில் தொங்கியது, ஏதாவது தேவைப்பட்டால் கீழேயிருந்து இழுத்துக்கொள்ள. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் திரும்பிக்கொண்டாள்.

முதல் சில ஆணிகள் நன்றாகவே போயின. சுத்தியல் திரும்பி வந்தது. மணிக்கட்டில் அடி விழுந்தது. ஏணியை மாட்டி, ஒரு குதி குதித்துச் சோதித்து, ஏறி, கயிற்றைக் கோத்து, அடுத்தது. தொப்பை வெளியே தள்ள ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. காலுக்குப் பாறை எட்டவில்லை. ஏணி அந்தரத்தில் சுழன்றது. அவளும் சேர்ந்து சுழன்றாள். கீழே திட்டு, திட்டுக்குக் கீழே மரங்களின் தலை, அதற்குக் கீழே ஒன்றுமில்லாததுபோல் ஒரு பச்சை இருட்டு. கைகள் அடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். சும்மா இருந்திருந்தால் நடுங்கியிருக்கும்.

தொப்பையின் முனையில் வெடிப்பு மெலிந்து, நகம் நுழையும் அளவுக்கு ஆகியது. இருந்ததிலேயே சின்ன ஆணியை எடுத்து அடித்தாள். சுத்தியல் பாதி திரும்பியது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வேறு இடம் தேடினாள். இல்லை. இன்னும் நாலு அடி அடித்தாள். பாதி திரும்பல்தான். ஏணியை மாட்டிக் குதித்தாள், நின்றது. மறுபடி குதித்தாள், நின்றது. மெல்ல எடையை மாற்றி மூன்றாவது படிக்கு வந்து, நிமிர்ந்து, கையை மேலே நீட்டினாள்.

ஆணி பிடுங்கிக்கொண்டது.

ஒரு சத்தமும் இல்லை அவளுக்கு. பாறை மேலே போனது, அவ்வளவுதான். கீழேயிருந்த ஆணியும் பிடுங்கிக்கொண்டது. அதற்குக் கீழே இருந்தது பிடித்தது. கயிறு இடுப்பை இரண்டாகக் கிழிப்பதுபோல் இழுத்தது. ஊஞ்சலாகப் போய் முழங்காலுக்குக் கீழே எலும்பும், அப்புறம் முகமும் பாறையில் மோதின. தலைகீழாகப் பாதி சாய்ந்து, சுழன்று நின்றாள்.

வாயில் ரத்தம் உப்பாக இருந்தது. நாக்கால் பற்களை எண்ணினாள். எல்லாம் இருந்தன. உதடுதான் கிழிந்திருந்தது.

இப்போது திட்டில் இருந்த மாப்பிள்ளை தெரிந்தார். கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பின்னால் சாய்ந்திருந்தார். கயிறு இழுத்த வேகத்தில் அவர் பாறையில் போய் இடித்து முழங்கை தோலுரிந்திருந்தது. கத்திக்கொண்டிருந்தார். அவள் உதட்டைப் பார்த்தாள்.

"அத்தை! போதும்! இறக்கிடறேன்! அத்தை!"

அவள் நிதானமாக நேராக உட்கார்ந்தாள். காலை மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. மேலே பார்த்தாள். பிடுங்கிக்கொண்ட ஆணி கயிற்றிலேயே கோத்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எல்லோரும் பயமுறுத்திய விஷயம் இதோ நடந்து முடிந்துவிட்டது. விழுந்தாகிவிட்டது. இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

கீழே குனிந்து, அவருக்கு நன்றாகத் தெரியும்படி, சத்தமாகச் சொன்னாள்: "என்னமா பிடிச்சீங்க மாப்பிள்ளை! அப்படியே பிடிச்சிக்கிட்டு இருங்க. நான் மேலே போறேன்."

மாப்பிள்ளையின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. பிறகு இரண்டே சொல் சொன்னது. "போங்க அத்தை."

மறுபடி அதே ஆணிகள். தொப்பையின் முனையில் அந்த மெல்லிய வெடிப்பைத் தொடவில்லை. வெடிப்புக்குச் சற்றுப் பக்கத்தில் உதடுபோல் ஒரு விளிம்பு துருத்தியிருந்தது. அதில் கொக்கியை மாட்டினாள். அடிப்பதற்கு ஒன்றுமில்லை, எடை இருக்கும்வரைதான் கொக்கி இருக்கும், அசைந்தால் வழுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி நின்றாள். விளிம்பிலிருந்து மணல் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. தேய்க்கக் கை இல்லை. கண்ணீரோடு தடவித் தேடி, மேலே ஒரு நல்ல வெடிப்பைக் கண்டுபிடித்து, பெரிய ஆணியாக எடுத்து அடித்தாள்.

சுத்தியல் மணிக்கட்டை உடைப்பதுபோல் திரும்பி வந்தது. இன்னொரு அடி. இன்னும் பலமாக வந்தது.

"வா," என்றாள் ஆணியிடம். "அப்படி வா!"

அதைத் தாண்டியதும் மாப்பிள்ளையின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள்.

கீழே மாப்பிள்ளைக்கு அது இன்னொரு சோதனை. தொப்பையின் விளிம்பில் உரசியதில் பெரிய கயிறு இறுகிக்கொண்டது. மேலே இழுத்தால் கீழே தெரியாது. ஒத்திகை பார்த்த மொழி செத்துப்போனது. கயிறு கொஞ்சம் நகரும், நிற்கும். வெகுநேரம் நிற்கும். அவர் பேசுவதற்கு ஆளில்லாமல் பாறையிடம் பேசினார், தன்னைத் திட்டிக்கொண்டார். போன் அதிர்ந்தது, மச்சான். எடுக்கவில்லை. அப்போதுதான் பக்கத்தில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த மெல்லிய கயிறு கண்ணில் பட்டது. அது எந்த ஆணியிலும் கோக்காமல் மேலேயிருந்து நேராகத் தொங்கியது. அதை எட்டிப் பிடித்து, பிடித்திருந்த பெரிய கயிற்றை ஒரு முடிச்சுப் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, இருக்கிறீர்களா என்று கேட்பதுபோல் மெல்ல ஒருமுறை இழுத்தார்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலேயிருந்து ஒரு இழுப்பு வந்தது. இரண்டு இழுப்பு. கயிறு விடு.

அவர் சிரித்துக்கொண்டே, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே, கயிற்றை விட்டார்.

மூன்று இழுப்பு வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. அவர் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஏறிவந்தார். அந்தப் பெரிய ஆணியைப் பிடுங்க அவருக்கு இருந்த தெம்பெல்லாம் வேண்டியிருந்தது. கடைசியில் அதை அங்கேயே விட்டுவிட்டார்.

உச்சி ஒரு கட்டில் அளவுதான். நாலு பக்கமும் ஆகாயம். மாமியார் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி, முகம் ஒரு பக்கம் பெரிதாகி, கண் சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அவ்வளவு அழகாக அவளை அவர் பார்த்ததில்லை.

காதுக் கருவியை எடுத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டாள். காற்றின் இரைச்சல் கேட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை."

"அதை யோசிச்சிச் சொல்றேன். இன்னும் கோபம் போகல."

"சரி."

"விழுந்தப்போ பிடிச்சதுக்கு நன்றி. அது வேற கணக்கு. இது வேற கணக்கு."

"சரி அத்தை."

"தண்ணி இருந்தா குடுங்க. வாயெல்லாம் மண்ணு."

அவள் குடித்தாள். எழுந்து நின்று, கால்களை அகட்டி ஊன்றி, நாலு திசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு திசையில், வெகுதூரத்தில், புகைக்குள் அவர்கள் ஊர் இருந்தது. அந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி, ஆலையில் மெஷினை நிறுத்தச் சொல்லும்போது போடுகிற கூச்சலைப் போட்டாள். சொல் ஏதும் இல்லாத கூச்சல். மாப்பிள்ளையும் சேர்ந்து கத்தினார். அவருக்குத்தான் தொண்டை கட்டியது.

இறங்கி வந்து, கார் ஓட்டி, மகள் வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலிலேயே மகன் நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது; அப்புறம் சிவந்தது.

"நான் சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா? மாப்பிள்ளை, உங்களை நம்பித்தானே…"

"அவரை ஏன் கேக்கறே? என்னைக் கேளு," என்றாள் அம்மா.

மகளும் வெளியே வந்துவிட்டாள், அழுத கண்கள். அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, பஞ்சும் மருந்துமாகக் கீழே உட்கார்ந்தாள். காலைத் துடைத்துக்கொண்டே புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை சுவரோடு சுவராக நின்றார்.

"நான்தாம்மா அவரைச் சாக்கு சொல்ல வெச்சேன்," என்றாள் மகள், நிமிர்ந்து, உதடு தெரிய. "நீ விழுந்துட்டா எனக்கு யாரு இருக்கா?"

"விழுந்தேன்டி. இன்னிக்குக் காலையில விழுந்தேன். உன் வீட்டுக்காரர் பிடிச்சார்." அம்மா மகளின் தலையில் கை வைத்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பயப்படுங்க. பெத்தவளுக்காகப் பயப்படாத பிள்ளை என்ன பிள்ளை? ஆனா விழுந்தா என்ன ஆகும்னு இனிமே யாரும் எனக்குப் பாடம் நடத்த வேணாம். எனக்குத் தெரியும். அப்புறம் இன்னொண்ணு. எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்கே சொல்லுங்க. என் தலைக்கு மேலே பேசறதும், முதுகுக்குப் பின்னால பேசறதும் இன்னியோட போகட்டும்."

"அடுத்த தடவை பிடிக்கலைன்னா?" என்றான் மகன்.

"அப்போ நீ சொன்னது சரின்னு ஆகும். போதுமா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. நாலாவது வாரம் ஒருநாள் வந்து, சமையலறையில் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்துவிட்டு, மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சாப்பிட்டுவிட்டுப் போனான். அவளும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மருந்து போட்டு முடிந்ததும் அவள் கார் சாவியை எடுத்தாள். இரவு இங்கேயே தங்கச் சொன்னாள் மகள். காலை ஷிஃப்ட் இருக்கிறது என்றாள் அம்மா. மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தார். நொண்டி நொண்டி வந்து அவள் ஏறி உட்கார்ந்ததும், கண்ணாடிக்கு வெளியே குனிந்து, மனைவி கேட்கிறாள் என்று தெரிந்தே, சத்தமாகச் சொன்னார்:

"அத்தை, அடுத்த மாசம் பக்கத்துப் பாறைக்குப் போலாமா? முன்னால நான் போறேன்."

மகள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வீங்கிய உதட்டைச் சிரமப்பட்டு ஒரு பக்கமாகக் கோணினாள். சிரிப்பா, வலியா என்று அவருக்கு விளங்கவில்லை.

"யாரு முன்னால போறதுன்னு பாறைக்குப் போயி பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.